யாரோட போன்ல ஓடணும்?

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே வைத்து, படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)



போன மாசம் ஒரு ஃப்ரெண்ட் எனக்கு மெசேஜ் பண்ணியிருந்தா. ஐ.டி. வேலை. சனி, ஞாயிறுல ஒரு சின்ன தொண்டு நிறுவனத்துக்கு உதவி பண்றா. "எங்க டீம்ல எல்லாரும் வேற வேற ஊர்ல இருக்காங்க. ஜூம் வாங்கலாமா, கூகுள் மீட் போதுமா, டீம்ஸ் நல்லா இருக்குமா? நீ என்.ஜி.ஓ.லதானே இருக்க, ஒரு வரியில சொல்லு."

ஒரு வரியில சொல்ல முடியல. ரெண்டு நாள் பதில் போடாமலே இருந்தேன். ஏன்னா இதே கேள்விக்கு ஒரு தடவை நான் பதில் சொல்லியிருக்கேன். ரொம்ப நம்பிக்கையா, ஸ்ப்ரெட்ஷீட் எல்லாம் போட்டு. அந்தப் பதிலால ஒருத்தரோட வேலை போகப் பார்த்தது. இன்னிக்கு அந்தக் கதையையும், அதிலிருந்து நான் கத்துக்கிட்டதையும் சொல்றேன். ஃப்ரெண்டுக்கும் இதுதான் பதில்.

பதினாலு காலம் போட்ட ஒரு ஸ்ப்ரெட்ஷீட்

நான் வேலை செய்யற நிறுவனம் கிராமங்கள்ல மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்துது. ஆபீஸ் சென்னையில. மையங்கள் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்கள்ல. அந்தந்த ஊர்ப் பெண்கள்தான் மையத்தை நடத்தறாங்க. நாங்க அவங்களைக் களப்பணியாளர்னு சொல்றோம். ஊர்ல அவங்களுக்குப் பேரு 'டீச்சரக்கா'.

கொரோனாவுக்கு முன்னாடி மாசம் ஒரு தடவை எல்லாரும் விழுப்புரத்துல ஒரு ஹால்ல கூடுவோம். சாப்பாடு இருக்கும், பஸ் காசு கொடுப்போம், நாள் முழுக்கப் பேசுவோம். கொரோனா வந்ததும் அது நின்னுபோச்சு. எல்லாம் சரியான பிறகும் திரும்ப ஆரம்பிக்கல. ஆன்லைன்லயே நடத்தினா செலவு மிச்சம்னு முடிவாச்சு. 2022 ஆரம்பத்துல, "எந்த டூல் நமக்குச் சரின்னு பார்த்துச் சொல்லு"ன்னு என்கிட்ட கொடுத்தாங்க. அப்ப ஆபீஸ்ல நான்தான் வயசுல சின்னவன், கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன்.

உக்காந்து ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். பதினாலு காலம். ஒரே நேரத்துல எத்தனை பேர் சேரலாம், ரெக்கார்டிங் உண்டா, ஸ்கிரீன் ஷேர் உண்டா, பிரேக்அவுட் ரூம் உண்டா, மாசம் எவ்வளவு. ஆபீஸ் ஃபைபர் வைஃபைல, லேப்டாப்ல, நாலு ஆப்பையும் ஒவ்வொண்ணா ஓட்டிப் பார்த்தேன். எல்லாமே அருமையா ஓடிச்சு. அதுல ஒண்ணைத் தேர்ந்தெடுத்தோம், காசு கட்டினோம். கூடவே வேலைகளைப் பட்டியல் போட ஒரு ஆப். தினமும் வருகைப்பதிவு அனுப்ப கூகுள் ஃபார்ம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வீடியோ மீட்டிங்.

அந்தப் பதினாலு காலத்துல இல்லாத காலம் ஒண்ணு இருந்தது. யாரோட போன்ல இது ஓடணும்?

பதினாறில் மூணு

நாலு மாசம் கழிச்சு ரிவ்யூ வந்தது. ஆப்லயே ரிப்போர்ட் கிடைக்குமே, யார் எத்தனை மீட்டிங்குக்கு வந்தாங்கன்னு. எடுத்துப் பார்த்தா ஒரு அக்கா பதினாறு மீட்டிங்ல மூணுக்குத்தான் வந்திருக்காங்க. வந்த மூணுலயும் கேமரா ஆஃப், மைக் ஆஃப். ஃபார்மும் வாரத்துல ரெண்டு மூணு நாள்தான் வந்திருக்கு.

அந்த ரிப்போர்ட்ல அவங்க பேருக்கு நேரா 'ஈடுபாடு குறைவு'ன்னு எழுதினது நான்தான். ஒப்பந்தம் புதுப்பிக்கற நேரம். அப்படி ஒரு வரி இருந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எழுதினேன். எண்ணு அப்படித்தானே சொல்லுது!

எங்க மேடம் அதைப் படிச்சுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "நேர்ல போய்ப் பார்த்தியா?" இல்லன்னு சொன்னேன். "போயிட்டு வா. அப்புறம் கையெழுத்துப் போடறேன்"னாங்க.

போனேன். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கி, டவுன் பஸ் பிடிச்சு, அப்புறம் கொஞ்ச தூரம் நடை. சாயங்காலம் அஞ்சரை இருக்கும். ஊர்க் கோயில் பக்கத்துல ஒரு திண்ணையில முப்பது பசங்க உக்காந்திருக்காங்க. அக்கா நடுவுல. பெரிய பசங்க சின்னப் பசங்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துட்டு இருக்காங்க. நான் போனதுக்காக யாரும் எதையும் மாத்தி வைக்கல. தினமும் நடக்கறது அதுதான்.

அவங்க கையில ஒரு நூறு பக்க நோட்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். எந்த நாள் வந்தான், எந்த நாள் வரல, ஏன் வரல, எந்த எழுத்துல தடுமாறறான். என்னோட கூகுள் ஃபார்ம்ல இருந்தது வந்தான், வரல, அவ்வளவுதான். அவங்க நோட்டுல அந்தப் பிள்ளையே இருந்தான்.

வகுப்பு முடிஞ்சதும் கேட்டேன். "அக்கா, மீட்டிங்குக்கு ஏன் வர மாட்டேங்கறீங்க?"

கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க. "தம்பி, வீட்ல டச்சு போன் ஒண்ணுதான். அவரு கொத்து வேலைக்குப் போறாரு. நாளைக்கு எங்க வேலைன்னு மேஸ்திரி அந்த போனுக்குத்தான் பண்ணுவாரு. காலையில எடுத்துட்டுப் போயிடுவாரு. எங்கிட்ட இருக்கறது இந்த பட்டன் போனு."

அதாவது திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எங்க மீட்டிங் லிங்க் ஒரு கட்டட வேலை நடக்கற இடத்துல, அவங்க வீட்டுக்காரரோட சட்டைப் பையில இருந்திருக்கு.

அவர் வேலைக்குப் போகாத மூணு திங்கட்கிழமைதான் அவங்க வந்தது. அப்பவும் வீட்டுக்குள்ள சிக்னல் இல்ல. மொட்டை மாடிக்குப் போகணும். அது பக்கத்து வீட்டு மாடி. அங்க அவங்க ஆளுங்க உக்காந்திருப்பாங்க, அதான் மைக் ஆஃப். ஃபார்ம் விஷயம் இன்னும் மோசம். ராத்திரி போன் வந்ததும் உக்காந்து முப்பது பேருக்கும் டிக் பண்ணி அனுப்பு அழுத்துவாங்க. நெட் இருக்காது. சுத்திக்கிட்டே இருக்கும். மறுபடி திறந்தா எல்லாம் காலி. முதல்ல இருந்து போடணும். "ரெண்டு மூணு தடவை போடுவேன் தம்பி. அப்புறம் தூக்கம் வந்துடும்."

கிளம்பும்போது அவங்க சொன்னதை இன்னும் மறக்க முடியல. "கூட்டத்துக்கு வரலன்னு எழுதியிருப்பீங்க, எனக்குத் தெரியும். ஆனா ஒரு நாளும் நான் பசங்ககிட்ட போகாம இருந்ததில்லையே."

திரும்பி வர்ற பஸ்ல அந்த வரியை அழிச்சேன். ஆனா ஒரு வரியை அழிச்சா போதாதுன்னு புரிஞ்சது. தேர்ந்தெடுத்த முறையே தப்பு.

முதல்ல ஆப் லிஸ்ட் இல்ல, போன் லிஸ்ட்

அடுத்த வாரம் எல்லாக் களப்பணியாளருக்கும் ஒவ்வொருத்தரா சாதாரண போன் பண்ணேன். ஃபார்ம் அனுப்பல. ஃபார்ம் திறக்க முடியாதவங்களைக் கண்டுபிடிக்க ஃபார்ம் அனுப்பறதுல என்ன அர்த்தம்? அஞ்சு கேள்விதான் கேட்டேன்.

ஒண்ணு, இந்த போன் உங்களோடதா, வீட்டுக்கே பொதுவானதா? ரெண்டு, எந்த நேரம் உங்க கையில இருக்கும்? மூணு, வீட்டுல எந்த இடத்துல சிக்னல் கிடைக்கும், அங்க நீங்க வெளிப்படையா பேச முடியுமா? நாலு, என்ன ரீசார்ஜ் போடறீங்க, யார் காசு? அஞ்சு, புதுசா ஒரு ஆப் போட போன்ல இடம் இருக்கா?

ஆளுக்குப் பத்து நிமிஷம் ஆச்சு. அந்தப் பத்து நிமிஷத்துல தெரிஞ்சுக்கிட்டது என் பதினாலு காலத்துல எதுலயும் இல்ல. பாதிப் பேருக்கு மேல போன் பொது. பெரும்பாலானவங்களுக்குக் காலை பத்து மணி சரிப்படாது. ராத்திரி எட்டரை சரிப்படும். ரெண்டு பேர் போன்ல புது ஆப் போடணும்னா போட்டோவை அழிக்கணும். ஒருத்தர் எங்க மீட்டிங் ஆப்புக்காக மகளோட கல்யாண வீடியோவை அழிச்சிருக்காங்க. அதை ஒரு குறையா சொல்லல, பேச்சுவாக்குல சொன்னாங்க.

நீங்க எந்தத் தொண்டு நிறுவனத்துக்கு உதவப் போனாலும் முதல் வேலை இதுதான். எந்த ஆப் நல்லதுன்னு தேடறதுக்கு முன்னாடி, குழுவுலயே ரொம்பச் சுமாரான போன், ரொம்ப மோசமான சிக்னல் யாருக்குன்னு கண்டுபிடிங்க. அந்த போன்ல ஓடறதுதான் உங்க டூல். மத்தவங்க எல்லாருக்கும் அது தானா ஓடும்.

டேட்டா கணக்கு

இப்ப கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, பெருக்கலும் வகுத்தலும்தான்.

ஜூம் சொல்ற கணக்குப்படி, ரெண்டு பேர் பேசற நல்ல தரமான வீடியோ காலுக்குப் போக 600 கே.பி.பி.எஸ்., வர 600 கே.பி.பி.எஸ். வேணும். ஒரு மணி நேரத்துக்குப் பெருக்கினா கிட்டத்தட்ட 540 எம்.பி. வெறும் குரல் மட்டும்னா ஒவ்வொரு பக்கமும் 60-லிருந்து 80 கே.பி.பி.எஸ். அதிகபட்சம் போட்டாலும் மணிக்கு 72 எம்.பி.தான். ஏழு மடங்குக்கு மேல வித்தியாசம்.

தினம் ஒன்றரை ஜி.பி. பேக் போட்டிருக்கற வீட்டுல, அந்த ஒரே போன்லதான் பையனோட பாடம், வீட்டுக்காரரோட வேலை, எல்லாரோட பொழுதுபோக்கும் இருக்கு. அதுல ஒரு மணி நேர வீடியோ மீட்டிங் மூணுல ஒரு பங்கைச் சாப்பிட்டுடும். 2024 ஜூலையில மூணு பெரிய மொபைல் நிறுவனமும் ரீசார்ஜ் விலையை ஏத்தினது ஞாபகம் இருக்கும். நமக்கு அது ஒரு மீம். அவங்களுக்கு அது மாச பட்ஜெட்.

இன்னொண்ணு, நிறைய பேருக்குத் தெரியாதது. "நெட் ஸ்லோவா? கேமராவை ஆஃப் பண்ணுங்க"ன்னு ஈஸியா சொல்லிடறோம். உங்க கேமராவை நிறுத்தினா உங்ககிட்ட இருந்து போற வீடியோதான் நிக்கும். மத்தவங்க வீடியோ உங்க போனுக்கு வந்துக்கிட்டேதான் இருக்கும். டேட்டா மிச்சமாகணும்னா எல்லாரும் கேமராவை நிறுத்தணும், இல்லன்னா வர்ற வீடியோவையும் நிறுத்தணும். ஜூம்ல அதுக்குத் தனி வசதி இருக்கு. ஆபீஸ்ல இருக்கறவங்க முதல்ல கேமராவை ஆஃப் பண்ணாதான் அது மரியாதை.

நாலு வேலை, நாலு டூல்

நாங்க செஞ்ச அடுத்த தப்பு, எல்லாத்தையும் மீட்டிங்ல திணிச்சது. வேலையைப் பிரிச்சுப் பார்த்தா நாலு வகைதான் வருது. கலந்து பேசறது, தகவல் சொல்றது, எண்ணிக்கை எடுக்கறது, சொல்லிக் கொடுக்கறது. நாலுக்கும் ஒரே டூல் தேவையில்ல.

கலந்து பேச நாங்க இப்ப பயன்படுத்தறது கான்ஃபரன்ஸ் கால். சிரிக்காதீங்க. எல்லா போன்லயும் இருக்கற சாதாரண வசதி. ஒருத்தருக்கு போன் போட்டு, 'ஆட் கால்', 'மெர்ஜ்'. கூப்பிடறவர் போக அஞ்சு பேர் வரைக்கும் சேர்க்கலாம். பட்டன் போன்லயும் எடுக்கலாம், டேட்டா வேண்டாம், லிங்க் வேண்டாம், பாஸ்வேர்ட் வேண்டாம். எங்க குழுவை அஞ்சு அஞ்சு பேரா பிரிச்சோம். வாரம் ஒரு தடவை, ராத்திரி எட்டரைக்கு, இருபது நிமிஷம். முன்னாடி வீடியோ மீட்டிங்ல பத்துப் பேர் இருப்பாங்க, மூணு பேர் பேசுவாங்க. இப்ப எல்லாரும் பேசறாங்க. ஏன்னா அஞ்சு பேர் இருக்கற இடத்துல பேசாம இருந்தா தெரிஞ்சுடும். "என்ன, சத்தத்தையே காணோம்?"னு இன்னொரு அக்காவே கேட்டுடறாங்க.

குறையும் இருக்கு. ரெக்கார்டிங் கிடையாது, யாராவது குறிப்பு எழுதணும். நடுவுல ஒரு லைன் கட்டானா திரும்பச் சேர்க்கறதுக்குள்ள பேச்சு அறுந்துடும். படம் காட்ட முடியாது. இதெல்லாம் தெரிஞ்சுதான் ஒத்துக்கிட்டோம்.

தகவல் சொல்ல வாய்ஸ் நோட். ஒரு நிமிஷ வாய்ஸ் நோட் ஒரு எம்.பி.கூட வராது. போன் எப்ப கைக்கு வருதோ அப்ப கேட்டுக்கலாம். நீளமா டைப் பண்ணின மெசேஜைவிட இது மேல். ஒரு விதி மட்டும் வெச்சோம். ஒரு நோட்டுல ஒரு விஷயம்தான்.

எண்ணிக்கை எடுக்க, நெட் இல்லாமலே நிரப்பற ஃபார்ம். கோபோ டூல்பாக்ஸ், ஓ.டி.கே.ன்னு ரெண்டு இருக்கு. பேரிடர் நேரத்துல, ரோடே இல்லாத ஊர்கள்ல கணக்கெடுக்கறவங்க பயன்படுத்தற டூல் இதெல்லாம். போன்லயே நிரப்பி சேமிச்சு வெச்சுக்கலாம். சிக்னல் கிடைக்கற இடத்துக்குப் போகும்போது அனுப்பிக்கலாம். நிரப்பினது காணாமப் போகாது. இதை மாத்தின முதல் மாசமே அந்த அக்காவோட பதிவு கிட்டத்தட்ட எல்லா நாளும் வந்தது. ஆள் மாறல, ஃபார்ம்தான் மாறுச்சு. தினமும் கேட்டதையும் வாரம் ஒண்ணா குறைச்சோம். தினக்கணக்கு அவங்க நோட்டுல இருக்கு, அது போதும்.

சொல்லிக் கொடுக்கறதுக்கு மட்டும் வீடியோ. மாசம் ஒரு தடவை. அதுக்கான ரீசார்ஜ் காசு நிறுவனத்தோடது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை பழையபடி விழுப்புரம் ஹால், சாப்பாடு, பஸ் காசு. மிச்சம் பிடிச்சோம்னு நினைச்ச அந்தச் செலவை, உண்மையில அவங்க பாக்கெட்ல இருந்துதான் எடுத்திருந்தோம். அவங்க டேட்டா, அவங்க ராத்திரி, அவங்க கல்யாண வீடியோ.

காசு விஷயம்

சரி, வீடியோவுக்கு எதை எடுக்கறது? அதையும் சொல்லிடறேன்.

ஜூம் இலவசக் கணக்குல ஒரு மீட்டிங் 40 நிமிஷம், 100 பேர். கூகுள் மீட் இலவசத்துல மூணு பேரோ அதுக்கு மேலயோ இருந்தா 60 நிமிஷம். டீம்ஸ் இலவசமும் 60 நிமிஷம். ஜிட்சின்னு ஒரு திறந்த மூல மென்பொருள் இருக்கு. அதோட பொதுத் தளத்துல 2023-லிருந்து மீட்டிங்கைத் தொடங்கறவர் மட்டும் ஒரு கணக்கு வழியா லாகின் பண்ணணும், மத்தவங்க லிங்க் இருந்தா வரலாம். ஸ்கைப்னு யாராவது சொன்னா, அது 2025 மே மாசமே மூடியாச்சு. டூலுக்கும் ஆயுசு உண்டு. முழு வேலையையும் ஒரே ஆப்ல கட்டி வைக்காதீங்க.

பதிவு பெற்ற தொண்டு நிறுவனம்னா காசு கட்டறதுக்கு முன்னாடி இலவசத் திட்டங்களைப் பாருங்க. கூகுளோட தொண்டு நிறுவனத் திட்டத்துல தகுதியைச் சரிபார்த்த பிறகு நிறுவனப் பேர்லயே மெயில், டிரைவ், மீட் எல்லாம் இலவசமா கிடைக்கும். மீட்ல அந்த 60 நிமிஷக் கட்டுப்பாடும் இருக்காது. மைக்ரோசாஃப்டும் அடிப்படைத் திட்டத்தை 300 பேர் வரைக்கும் இலவசமா தருது. நாங்க கட்டின சந்தாவே தேவையில்லாம கட்டினதுன்னு பின்னாடிதான் எனக்குத் தெரிஞ்சது. பதினாலு காலம் போட்டவனுக்கு இது தெரியல பாருங்க.

இதுல ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. வெளிநாட்டு நன்கொடை வாங்கற நிறுவனங்களுக்கு எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் பொருந்தும். 2020-ல திருத்தம் வந்தபோது, அந்தக் காசுல நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்துல இருந்து 20 சதவீதமா குறைச்சாங்க. போன் கட்டணம் மாதிரியானதெல்லாம் நிர்வாகச் செலவுக் கணக்குலதான் வரும். அதனால நிறைய இடங்கள்ல முதல்ல வெட்டறது இதைத்தான். வெட்டினா செலவு மறையாது, களப்பணியாளர் தலையில போய் உக்காரும். எது எந்தக் கணக்குல வரும்னு ஆடிட்டர்கிட்ட முன்கூட்டியே கேளுங்க. ரீசார்ஜ் தொகையைத் திட்ட வரைவுலயே தனி வரியா எழுதுங்க. வெட்கப்பட்டு விட்டுடாதீங்க. நன்கொடை தர்றவங்ககிட்ட நான் இப்படிச் சொல்வேன்: "இது இல்லன்னா உங்க காசு பசங்ககிட்ட போய்ச் சேருதான்னு எனக்கே தெரியாது."

சாவி யார்கிட்ட?

கடைசியா, ரொம்ப முக்கியமான ஒண்ணு.

எங்ககிட்ட ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. எல்லாரும் அதுலதான். களப்பணியாளர், ஆபீஸ், பழைய தன்னார்வலர்கள், எப்பவோ வந்துட்டுப் போனவங்க. ஒரு நாள் அவசரத்துல யாரோ ஒரு மையத்தோட முழுப் பட்டியலையும் அதுல போட்டுட்டாங்க. பசங்க பேரு, வகுப்பு, அப்பா அம்மா நம்பர். ரெண்டு வாரம் கழிச்சு ஒரு அம்மா களப்பணியாளருக்கு போன் பண்ணி, "ஏதோ ட்யூஷன் சென்டர்ல இருந்து பேசறாங்க, என் பொண்ணு பேரு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டாங்க. எங்க குரூப்ல இருந்துதான் போச்சான்னு எங்களால உறுதியா சொல்ல முடியல. இல்லன்னும் சொல்ல முடியல. அதுதான் பிரச்சினையே. அந்த அம்மா நம்பினது எங்களை இல்ல, டீச்சரக்காவை. கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததும் அவங்கதான்.

வாட்ஸ்அப் மெசேஜ் போற வழியில பூட்டுப் போட்டுத்தான் போகுது, அது உண்மை. ஆனா குரூப்ல நூறு பேர் இருந்தா நூறு பேர்கிட்டயும் சாவி இருக்கு. அதுல யாரு இன்னும் நம்ம ஆளுன்னு யாராவது பார்த்துக்கிட்டே இருக்கணும்.

2023-ல நிறைவேறின தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயசுக்குக் கீழ இருக்கற எல்லாரையும் குழந்தைன்னு வரையறுக்குது. அவங்க விவரத்தைக் கையாள பெற்றோரோட சரிபார்க்கத்தக்க சம்மதம் வேணும்னு சொல்லுது. 2025 நவம்பர்ல அதோட விதிகளும் வந்தாச்சு, படிப்படியா அமலுக்கு வருது. ஆனா சட்டத்துக்காக இதைச் செய்யாதீங்க, அந்த அம்மாவுக்காகச் செய்யுங்க.

நாங்க செஞ்சது எளிமைதான். குரூப்பை மூணா பிரிச்சோம். பசங்க பட்டியல் எந்தச் சாட்லயும் வராது. மாசம் முதல் தேதி யார் யார் குரூப்ல இருக்காங்கன்னு ஒருத்தர் பார்ப்பாங்க. வீட்டுப் பிரச்சினை, குழந்தைத் திருமணம் மாதிரி நுட்பமான விஷயம்னா எழுத்தே கிடையாது, நேரடியா போன். அப்புறம் எல்லாக் கணக்கும் நிறுவன மெயில்ல, ரெண்டு பேர் கையில. முன்னாடி எங்க மீட்டிங் கணக்கு ஒரு இன்டர்ன் பையனோட சொந்த மெயில்ல இருந்தது. அவன் மேல்படிப்புக்குப் போயிட்டான். ஒவ்வொரு தடவையும் ஓ.டி.பி. கேட்டு அவனை எழுப்பிக்கிட்டு இருந்தோம், அவன் ஊர்ல நடுராத்திரி.

வீராம்பட்டினம் ஒலிபெருக்கி

இந்த இடத்துல எனக்கு எப்பவும் ஞாபகம் வர்ற ஒரு விஷயத்தோட முடிக்கறேன். எங்க களத்துல இருந்து ரொம்ப தூரமில்ல, புதுச்சேரி பக்கம். 1998-ல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்க கிராமங்கள்ல தகவல் மையங்கள் ஆரம்பிச்சது. வீராம்பட்டினம் ஒரு மீனவக் கிராமம். கடல்ல அலை எவ்வளவு உயரம் இருக்கும்ங்கற முன்னறிவிப்பை அமெரிக்கக் கடற்படையோட இணையதளத்துல இருந்து எடுத்தாங்க. அந்தக் காலத்துல அது பெரிய தொழில்நுட்பம். ஆனா அதை மீனவர்கள்கிட்ட கொண்டு போய்ச் சேர்த்தது எது தெரியுமா? கம்பத்துல கட்டின ஒலிபெருக்கி. கரையில வலை பிரிச்சுக்கிட்டே கேட்டுக்கலாம்.

எவ்வளவு பெரிய டூல் வேணும்னாலும் வெச்சுக்கோங்க. ஆனா கடைசி அடியில எது இருக்கணும்ங்கறதைக் கேக்கறவங்க நிக்கற இடம்தான் முடிவு பண்ணணும்.

அந்த அக்கா இன்னும் எங்களோடதான் இருக்காங்க. வாரா வாரம் ராத்திரி எட்டரைக்கு அவங்க குழுவோட கான்ஃபரன்ஸ் காலை இணைக்கறதே அவங்கதான், அதே பட்டன் போன்ல. முதல் வாரம் எனக்குத்தான் ரெண்டு பேருக்கு மேல சேர்க்கத் தெரியல. "விடுங்க தம்பி, நான் போடறேன்"னாங்க.

ஃப்ரெண்டுக்கு நான் அனுப்பின பதில் இதுதான்: "ஜூமா மீட்டான்னு அப்புறம் பேசலாம். முதல்ல உங்க டீம்ல ஒவ்வொருத்தருக்கும் சாதா கால் பண்ணு. காலையில பத்து மணிக்கு அவங்க போன் எங்க இருக்கும்னு கேளு."

நீங்களும் இப்படி ஏதாவது ஒரு அமைப்புக்கு உதவறீங்கன்னா, இந்த வாரம் ஒரே ஒருத்தருக்காவது அந்தக் கால் பண்ணிப் பாருங்க. என்ன சொன்னாங்கன்னு எங்களுக்கும் ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. ஒரு நோட்டுல ஒரு விஷயம், மறந்துடாதீங்க.

அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.